அடுத்த வீட்டு நீலக் குஞ்சு

1963-ஆம் வருடம் என்று நினைக்கிறேன். அப்போது நாங்கள் திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். மூன்று வீடுகள், நடுவில் ஒரே கிணறு. என் கணவருக்குப் புகையிலைக் கிடங்கில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்குப் பொழுது போகட்டும் என்று மெட்ராஸிலிருந்த என் தம்பி ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆண் நீலம், பெண் பச்சை. பச்சையை எங்கும் பார்க்கலாம். அந்த நீலம் மட்டும் மழை பெய்து ஓய்ந்த வானம் மாதிரி இருக்கும். குஞ்சுகளும் நீலமாகப் பிறக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. கூண்டுக்குள் மண்கலயம் கட்டித் தொங்கவிட்டு, முட்டையிட்டது முதல் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு ஈடு குஞ்சு பொரித்தது. அத்தனையும் பச்சை.

விடுவேனா? ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து, வெயிலில் பிடித்து, இறக்கையை விரித்து, அடிவயிற்று இறகை ஊதி விலக்கிப் பார்ப்பேன். எங்காவது ஒரு பொட்டு நீலம் தெரிகிறதா என்று. தெரியவில்லை. 'இதுகளிடம் நீலம் கிடையாது, இதுகளுக்குப் பிறப்பதும் பச்சைதான்' என்று நானே தீர்ப்பு எழுதி, குஞ்சுகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டேன். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் ஒரு ஜோடி.

அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். கிறிஸ்தவக் குடும்பம். கணவருக்குப் பூட்டுப் பட்டறையில் அரத்தால் ராவுகிற வேலை. என்னை வாய் நிறைய அக்கா என்பாள். அவள் வீட்டில் மீன் வாங்கினால் எனக்கு முருங்கைக்காய் குழம்பு தனியாக வந்துவிடும், நான் மீன் சாப்பிடமாட்டேன் என்பதால்.

ஆவணி மாதம் ஒருநாள். கூண்டில் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. கதவைச் சாத்தாமல் ஓடினேன். திரும்பி வந்தால் நீலத்தைக் காணோம். அடுத்த வீட்டுக்காரி, உலையில் போட்ட அரிசியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, கையில் தினைத் தட்டோடு ரோட்டோரப் புளியமரம் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். நான் சோர்ந்து திரும்பிய பிறகும், உச்சி வெயிலில் அவள் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை.

மார்கழியில், இரவல் வாங்கிய சல்லடையைக் கொடுக்க அவள் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். அவள் கூண்டின் மேல் துணி போர்த்தியிருந்தது. துணி விலகிய இடத்தில் கம்பியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு நீலப் பறவை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூன்றாவது வீட்டுக்கார அம்மா கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறாரே என்றுகூட நான் பார்க்கவில்லை.

"தேடுற மாதிரித் தேடிட்டு, நீயே பிடிச்சு ஒளிச்சு வச்சுக்கிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்துப் போனது. "அக்கா, இது ஒங்களுதில்ல. இங்ஙனயே பொறந்தது" என்றாள்.

"ரெண்டு பச்சைக்கு நீலம் எப்படிப் பொறக்கும்? எனக்குத் தெரியாதாக்கும்."

அவள் கூண்டைத் திறந்து, பறவையைப் பிடித்து என் கையில் வைத்தாள். "கொண்டுக்கிட்டுப் போங்க. ஆனா அதுக்கு இன்னும்..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அதைக் கேட்க நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கூண்டில் விட்டேன். பழைய ஜோடி சேர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் என் பச்சைப் பறவை அதைக் கிட்டச் சேர்க்கவில்லை, கொத்தி விரட்டியது. அதுவோ விரட்ட விரட்ட அருகில் போய், தலையை ஆட்டி ஆட்டி வாயைப் பிளந்தது. தினையை முன்னால் வைத்தேன். அலகால் கிளறியதே தவிர, உமி நீக்கித் தின்னத் தெரியவில்லை. மதியத்துக்குள் இறகெல்லாம் சிலிர்த்து, மூலையில் பந்தாகச் சுருண்டுவிட்டது.

அப்போதுதான் கையில் எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். நெற்றி வரைக்கும் கறுப்புக் கோடுகள். என்னுடையதற்கு நெற்றி வெள்ளை வெளேர் என்றிருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லை. அலகில் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. எத்தனை குஞ்சுகளை வெயிலில் பிடித்துப் பார்த்தவள் நான்! இது இன்னும் அப்பன் ஊட்டித் தின்கிற குஞ்சு என்று எனக்குத் தெரியவில்லை. நீலத்தைப் பார்த்தவள் வேறெதையும் பார்க்கவில்லை.

அடுத்த வீடு நாலு எட்டு தூரம். அன்று அந்த நாலு எட்டை வைப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. முந்தானைக்குள் குஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"நான் பேசுனது தப்பு. என்னைய..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல அது சாப்புடட்டும்க்கா" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு குஞ்சை வாங்கிக் கூண்டில் விட்டாள். தகப்பன் பச்சை, கம்பியில் பக்கவாட்டாக நகர்ந்து நகர்ந்து வந்து, அதன் வாயில் அலகை வைத்து ஊட்டத் தொடங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இது எப்படி நீலமாச்சு?" என்று பிறகு கேட்டேன்.

"எனக்கென்னக்கா தெரியும்? எம் மூத்தவளுக்குப் பூனக்கண்ணு. எனக்கும் இல்ல, அவுகளுக்கும் இல்ல. எங்க மாமனாருக்கு இருந்துச்சாம். அந்த மாதிரித்தான் இதுவும் தாத்தாவக் கொண்டு பொறந்திருக்கும்."

மறைத்து வைத்த காரணத்தையும் சொன்னாள். குஞ்சு தானாகத் தின்னப் பழகியதும் கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு கொண்டுவந்து எனக்குக் கொடுக்க இருந்தாளாம். "ஒங்க முகம் எப்படி ஆகுதுன்னு பாக்கணும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, லேசாகச் சிரித்தாள்.

அடுத்தவர் முன்னால் போட்ட பழியை அவர் முன்னாலேயே துடைக்க வேண்டும் அல்லவா? நேராகக் கிணற்றடிக்குப் போய், மூன்றாவது வீட்டம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைக்காமலே, "அந்தப் புள்ள அப்படிச் செய்யாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சொன்னபடியே கிறிஸ்துமஸ் அன்று காலையில் பலகாரத் தட்டும் குஞ்சுமாக அவள் வந்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அந்தப் பறவை எங்கள் வீட்டில் ஆறு வருடம் இருந்தது. நாங்கள் அந்தக் காம்பவுண்டை விட்டுப் போகும் வரை அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் எடுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொன்னதில்லை. நான் பழி போட்ட மறுநாள் காலையே வழக்கம்போல அக்கா என்று கூப்பிட்டுக் குழம்புக் கிண்ணத்தை நீட்டினாள். ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதை மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்வதற்கு அவளை அழவைத்தேனே என்ற வருத்தம் மட்டும் இந்த வயதிலும் எனக்குக் குறையவில்லை.