மூன்று நூல் பொய்

என் வீட்டுக்காரர் என் வார்த்தையை நம்பாமல் போன இடம் எனக்குத் தெரியும். மலாயாவில் செனாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், அதில் எங்கள் வீட்டை ஒட்டிய கார் கொட்டகை. ஜப்பான்காரன் ஆட்சி நடந்த காலம். நான் கையில் அடிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கோலைப் பார்த்தார்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பெரிய பாதகி என்று நினைத்துவிடுவீர்கள். கொஞ்சம் பாதகிதான், ஆனால் காரணம் இருந்தது.

அவர் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டினார். ஓட்டுவதோடு விடமாட்டார். அந்தக் காருக்கு வந்த சளி, இருமல் எல்லாவற்றுக்கும் அவரேதான் வைத்தியர். ஜொகூர் பாரு பட்டறைக்கு அனுப்பலாம் என்று துரை வாயெடுத்தாலே இவருக்கு முகம் சுண்டிப்போகும். முன் சக்கரங்களைச் சீர் பார்க்கிற வேலையைக்கூட எங்கள் கொட்டகையிலேயே செய்வார். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் நான். பத்து பாகாட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள், கணக்கு நன்றாக வரும், கண்ணும் கூர்மை. "அளவு பாக்க ஒன்ன விட்டா ஆள் இல்ல புள்ள" என்று சொல்வார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான், சமையலுக்கு ஒருநாளும் இல்லை.

காரின் முன் சக்கரங்கள் பார்வைக்கு நேராக நிற்பதுபோல இருக்கும். உண்மையில் இரண்டும் மூக்கை லேசாக உள்ளே திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே பின்பக்கம் எவ்வளவு அகலமோ, முன்பக்கம் அதைவிட ஒரு நூல் குறைவு. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் நூல். அந்த ஒரு நூல் இருந்தால் கார் சொன்னபடி கேட்கும். கூடிப்போனால் டயரைத் தின்னும்.

அவர் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்குச் சுண்ணாம்பு பூசி, சுழலவிட்டு, ஓர் ஆணியால் நடுவில் கோடு கீறுவார். பிறகு காரை இறக்கி, கொஞ்சம் முன்னே தள்ளி நிறுத்துவார். ஒன்றின்மேல் ஒன்று நகர்கிற மாதிரி கயிறு போட்டுக் கட்டிய இரண்டு மரச்சட்டம் எங்களிடம் இருந்தது. நான் தவழ்ந்து போய் அதைச் சக்கரங்களின் பின்பக்கக் கோட்டுக்குக் கோடு பொருத்தி இறுக்கிக் கட்டுவேன். அதே சட்டத்தை முன்பக்கம் கொண்டுவந்து வைத்தால், ஒரு முனை கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டலை அடிக்கோலால் அளந்து சொல்ல வேண்டும். அவர் காருக்கடியில் மல்லாந்து படுத்து, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற இரும்புக் கம்பியைத் திருகிக்கொண்டே கேட்பார்: "எவ்வளவு?"

நான் சொல்வேன். அவர் எழுந்து வந்து பார்த்ததே கிடையாது.

சண்டை வந்தது. துரை இரண்டு பெட்டியோடு சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி குடியேறினான். காரும் அவனுடையதாயிற்று, காரைக் கவனிக்கிற என் வீட்டுக்காரரும் அவனுடைய ஆளாகிவிட்டார். பங்களாவின் பின்ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் அடுப்படி தெரியும். மரவள்ளிக்கிழங்கு அவிக்கிறேனா, இரண்டு பிடி அரிசி எங்கிருந்தாவது கிடைத்ததா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சொந்த வீட்டில் குசுகுசுவென்று பேசப் பழகினோம். தோட்டத்து வாசலில் துப்பாக்கிக்காரன். சீட்டு இல்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது. இடுப்பில் இரண்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வரிசையாக ரப்பர் மரம். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நிழல் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு மூச்சு முட்டியது.

அதிகாரி காரைத் தானே ஓட்டுவான். ஒருநாள் வளைவில் மதகுக் கட்டையில் மோதிவிட்டான். கார் நொண்டிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் நின்றது. அதே வாரம்தான் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி கையில் காகிதத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்கிறார்கள், பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயரும் இருக்கிறது என்றார்.

"இந்த லோரி இல்லம்மா. காரு நேராகி ஒரு மாசம் ஒழுங்கா ஓடுனதும் அடுத்த லோரிக்கு அனுப்புன்னு அதிகாரி சொல்லிட்டான். அது வரைக்கும் பயமில்ல."

கிராணி ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை. கடிதாசியும் இல்லை.

வீட்டுக்காரரிடம், ஓடிப்போகலாம் என்றேன். "எங்க ஓடுறது? நான் ஓடுனா ஒன்ன விட்டு வைப்பானா?" என்றார். வேண்டுமென்றே காரைச் சரியில்லாமல் செய்யுங்கள் என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோலப் பார்த்தார். "என் கையால கெட்ட வேல செய்யமாட்டேன். அவனுக்கும் வேல தெரியும், கண்டுபிடிச்சா கழுத்துதான்." அதற்குமேல் பேச இடம் கொடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்பேனரைப் பிடுங்கித் தோட்டத்துக் குட்டையில் எறிந்திருப்பேன். சாகப்போகிற மனிதருக்கு வேலையின் சுத்தம் வேறு.

மறுநாள் காலை, வளைந்த கம்பியை நெருப்பில் காட்டி நிமிர்த்தி மாட்டிவிட்டு, அளவு பார்க்கப் படுத்தார். அதிகாரி முதுகுக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். நான் சட்டத்தை முன்னே கொண்டுவந்து வைத்தேன்.

"எவ்வளவு?"

"எட்டு நூல்."

கம்பி திரும்புகிற சத்தம் கேட்டது. மறுபடி பின்னால் போனேன், முன்னால் வந்தேன். "ஆறு." மறுபடியும். இப்போது நாலு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, அதாவது அரை அங்குலம். என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை.

"ஒரு நூல்" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேங்க."

அவர் மரையை இறுக்கிப் பூட்டினார். மூன்று நூல் பொய். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்ததே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பதினைந்து நாளில் கார் திரும்பி வந்தது. அப்போது பெட்ரோலுக்குப் பதில் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள், அந்த நாற்றம் காருக்கு முன்னாலேயே வந்து சேரும். அதிகாரி இறங்கி, முன் டயரைக் காலால் உதைத்து, "பெலும் லுருஸ்!" என்று கத்தினான். இன்னும் நேராகவில்லை என்று அவனுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொல்கிறான். டயர் வெளியோரம் தேய்ந்து கிடந்தது. உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பம் மாதிரி கையில் பிடித்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம், வேறு டயர் மட்டும் எங்கும் கிடையாது. அவன் கோபத்துக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நேராக நிற்கவைத்து, கன்னத்தில் அறைந்தான். ஒன்று இல்லை, நாலைந்து. என் பெண் வீரிட்டு அழுதாள். நான் அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு நின்றேன். அந்த அடி எனக்கு விழ வேண்டியது. நான்தான் என்று ஒரு சொல் சொன்னால் அவர் சயாமுக்குப் போவார், நான் எங்கே போவேனோ தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

அன்றும் அளவு கேட்டார். "ஒரு நூல்தாங்க, அப்படியேதான் இருக்கு" என்றேன். அவர் காருக்கடியிலிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு இரண்டு நாள் காரைப் பிரித்துப் போட்டார். சக்கரத்து பேரிங்கைக் கழற்றிக் கழுவினார். மூட்டுகளை ஆட்டிப் பார்த்தார், புஷ்ஷுக்குத் தோல் வெட்டி வைத்தார். தேய்ந்த டயர்களைப் பின்னுக்கு மாற்றி, பின் டயர்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். சாப்பிடும்போது தன் வலக்கையை விரித்துப் பார்ப்பார். "கை போயிருச்சு போல இருக்கு புள்ள. முப்பத்திரண்டு வயசுலயே தடுமாறுது" என்றார். என் பங்குக் கிழங்கை அவர் தட்டில் வைத்தேன். அந்தக் கையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்ல என்னைத் தவிர உலகத்தில் ஆள் இல்லை, என்னாலோ சொல்ல முடியாது.

இன்னொரு கவலையும் சேர்ந்தது. டயர் இப்படியே தேய்ந்தால் துணி தெரிந்துவிடும். டயர் போனால் கார் போயிற்று, கார் போனால் இவரும் போயிற்று. பொய்யை நிறுத்தினாலும் லாரி, தொடர்ந்தாலும் லாரி. நான் கட்டின வலையில் நானே மாட்டிக்கொண்டு முழித்தேன்.

மூன்றாவது தடவை கார் வந்தபோது அதிகாரி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றான். அவர் டயரைத் தடவினார். அதே ரம்பம். கீழே படுத்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை, எல்லாம் அவர் பூட்டினபடியே இருந்தது.

"எவ்வளவு?"

"ஒரு நூல்."

பேரிங், மூட்டு, புஷ், தன் கை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். காருக்கடியிலிருந்து மெதுவாக நகர்ந்து வெளியே வந்தார், முழங்கையில் மண்ணோடு. என் பக்கத்தில் குந்தி, என் கை பிடித்திருந்த அடிக்கோலைப் பார்த்தார்.

நாலு நூல்.

அதிகாரி பின்னாலிருந்து "லுருஸ்?" என்று கேட்டான்.

அவர் எழுந்து, கையைத் துணியில் துடைத்து, "லுருஸ்" என்றார். குரல் மாறவே இல்லை.

சாயங்காலம் கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் பேசினார். அப்போதும் மண்ணைப் பார்த்துத்தான்.

"மொத நாள்லேர்ந்தா?"

"ஆமாங்க. நீங்க போயிருவீங்கன்னு பயந்துட்டேன். வேற வழி தெரியல."

"அடி வாங்குனது பரவால்ல. என் கையவே நான் சந்தேகப்பட்டேன், அப்பயும் பாத்துக்கிட்டு இருந்தியே."

அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"மூணு நூல் அதிகம். டயர் தாங்காது. ரெண்டு போதும்."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கெட்ட வேலை செய்யமாட்டேன் என்ற மனிதர், கெட்ட வேலையை எந்த அளவில் செய்வது என்று யோசித்து முடித்திருந்தார். அதன்பிறகு, சரியான ஒரு நூலோடு இரண்டு கூட்டி, கம்பியை மூன்று நூலில் நிறுத்தினார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார் வந்தது. டயர்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டு ஆயுளை இழுத்தார். "பெலும் லுருஸ்" என்று அதிகாரி கத்துவான், சில நாள் அறைவான். இவர் தெரிந்தே கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். அளவுச்சட்டத்தை நான்தான் பிடித்தேன். அடிக்கோலை அவரே வந்து பார்த்தார்.

லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. கேட்ட தலைக்கு ஒரு தலை குறைந்தால் விடமாட்டார்கள். இவர் பெயர் நின்ற இடத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கடைசி வீட்டிலிருந்த, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரை ஏற்றினார்கள். அவர் மனைவி தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் சொன்னாள்: "ஒன் வீட்டுக்காரருக்கு காரு இருக்கு. என் வீட்டுக்காரருக்கு பால் வாளிதானே இருந்துச்சு." கோபமாகச் சொல்லவில்லை. அவள் புருஷன் திரும்பி வரவில்லை. அவளை நேருக்கு நேர் பார்க்க எனக்கு அதன்பிறகு முடிந்ததே இல்லை.

ஜப்பான்காரன் சரணடைந்தான். அதிகாரி ஒருநாள் காலையில் காரை விட்டுவிட்டு லாரியில் ஏறிப் போனான். முன் டயர் இரண்டிலும் துணி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்ட முடியாத காருக்கு அளவு எதற்கு? அவருக்கு மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பு பூசி, கோடு கீறி, என்னைக் கூப்பிட்டார். நான் பிடித்தேன், அவர் திருகினார்.

"எவ்வளவு?" என்றார். எத்தனை மாதம் கழித்து அந்தக் கேள்வி! ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தேன்.

"ஒரு நூல்."

அவர் நகர்ந்து வெளியே வந்து, குந்தி, கோலைப் பார்த்தார். ஒரு நூல்தான். தலையை ஆட்டிவிட்டு மரையை இறுக்கினார்.

மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று பொய்க்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், அங்கேயே முழங்காலில் நின்று சொல்லி முடித்துவிட்டேன். வீட்டில்தான் முடியவில்லை. என்னோடு சண்டை போடவில்லை, முகம் திருப்பவில்லை, கடைசிவரை நல்ல புருஷனாகத்தான் இருந்தார். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்றால் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்ப்பார். பஸ் ஏழரைக்கு என்றால் போய்க் கேட்டு வருவார். அவரை நாற்பது வருஷம் உயிரோடு வைத்துக்கொண்டதற்கு நான் கொடுத்த விலை அது. மறுபடி அந்தக் கொட்டகையில் நிறுத்தினாலும் ஒரு நூல் என்றுதான் சொல்வேன். ஆனாலும் வலிக்கிறது.

கடைசி வருஷத்தில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதையும் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி, "மணி என்ன?" என்று கேட்டார்.

"நாலரைங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பெண் காப்பியோடு உள்ளே வந்தாள். அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, "மணி என்னம்மா?" என்றார்.

"நாலரை தாண்டிருச்சுப்பா."

"ம். அம்மா சரியாத்தான் சொன்னா" என்றார்.