ஆயிலை ஊற்றுமுன் காட்டச் சொன்னவர்

ஜபருல்லா நானா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி, பழைய பணிமனைக்காரர்களாகிய எங்களுடைய வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. நான் அப்போது சர்வீசுக்கு வந்த ஒரு காரின் முன்னால் நின்று, அதில் ஏற்கெனவே இருந்த கீறல்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மறுபடியும் கீறல்களைப் பார்க்கத் தொடங்கினேன். எதுவரை குறித்தேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். கார்க்காரர், "என்னம்மா, புதுசா ஏதும் கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எங்க நானா போயிட்டாங்க சார்" என்றேன்.

"யாரு, சீட் கவர் நானாவா?" என்றவர், காரின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். காரைக்காலில் பாதிப் பேருக்கு அவர் சீட் கவர் நானா. மீதிப் பேருக்கு ஆயில் நானா. அவரை அறிந்தவர்களில் சிலருக்கு ஒரு பெயர் மட்டுமே தெரிந்திருக்கும். இரண்டு பெயரும் ஒரே காரணத்தால் வந்தவை. அருகில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரே மாதத்தில் இங்குள்ள ஒரு கார் விற்பனை நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தோம். அவர் சார்ஜாவில் இதே வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு, இனி ஊரோடு இருக்கலாம் என்று திரும்பி வந்து மேலாளராகச் சேர்ந்தவர். நான் பக்கத்துக் கிராமமான பூவத்துக்காரி. வீட்டில் விவசாயம். காரின் கதவைத் திறந்து உட்கார்ந்ததே கல்லூரி முடித்த பிறகுதான். வாடிக்கையாளரிடம் குறைகளைக் கேட்டு வண்டியை வாங்கிக்கொள்ளும் முன்மேசை வேலை எனக்கு. அந்த மேசையில் அதுவரை பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. வருகிறவர்கள் என்னைத் தாண்டி நேராக உள்ளே போய், "சார் இல்லீங்களா?" என்று நானாவிடம் கேட்பார்கள். அவர் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு என் பக்கம் கையை நீட்டுவார். "அங்க உக்காந்திருக்காங்களே, அவங்கதாங்க சார். நான் சும்மா ஏசி காத்துக்காக உக்காந்திருக்கேன்." இதை அவர் அலுக்காமல் மாதக்கணக்கில் சொன்னார். சொல்ல வேண்டிய அவசியம் போன பிறகும், அந்த வாக்கியம் பிடித்துப்போனதால், சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தர் வாசனையும் சலவை மடிப்புக் கலையாத சட்டையுமாக வருவார். சிரித்தால் வண்டி கழுவும் இடம்வரை கேட்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானாவுக்குப் பின்னோக்கி வண்டி ஓட்ட வராது. அவ்வளவு கார்களைக் கட்டி ஆண்டவர், ரிவர்ஸ் எடுத்தால் தண்ணீர்த் தொட்டியில் இடிப்பார். அவர் சாவியைக் கையில் எடுத்தாலே பணிமனையில் நாலு பேர் ஓடிவருவார்கள். "சார்ஜா ரோடு எல்லாம் நேரா போகும் தங்கச்சி. திரும்பி வர்ற பழக்கமே அங்க இல்ல" என்பார். நோன்பு மாதத்தில் ஒரு பெரிய தூக்கு நிறையக் கஞ்சி அவர் வீட்டிலிருந்து வரும். நோன்பு திறக்கும் நேரத்துக்கு நாங்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு அவரோடு உட்கார்ந்திருப்போம். வடையில் ஒன்று குறைந்தால், யார் தின்றது என்று முழு விசாரணை நடத்துவார்.

அந்த மாலை நடந்ததுதான் அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது.

பணிமனையில் இன்ஜின் ஆயில் இரண்டு பேரல்களில் இருக்கும். பெட்ரோல் வண்டிகளுக்கு ஒன்று, டீசல் வண்டிகளுக்கு ஒன்று. அவற்றிலிருந்து குழாய் வழியாக ஆயில் மேலே ஏறி, வண்டி நிற்கும் இடத்துக்கு வரும். பெட்ரோல் ஆயில் தண்ணீர் போல மெலிசாக இருக்கும். டீசலுக்கு உள்ளது அதைவிடக் கனமானது. அன்று காலைதான் இரண்டு பேரல்களும் தீர்ந்து, புதியவற்றை மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். நானா பின்பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. வெகு நேரம் கழித்து முகமெல்லாம் ஈரமாக வந்து என் மேசையருகில் நின்றார்.

"கலா, இன்னிக்கு வந்தது பூரா டீசல் வண்டிதானே?"

"ஆமா நானா. எல்லாமே டீசல்தான்."

"அப்புறம் பெட்ரோல் ஆயில் பேரல் எப்புடிம்மா கொறையும்?"

குழாய்கள் இரண்டும் ஒரே கறுப்பு. பேரல் மாற்றும்போது ஒன்று இன்னொன்றின் இடத்துக்குப் போய்விட்டது. அன்று சர்வீசுக்கு வந்து போன அத்தனை டீசல் வண்டிகளும் தப்பான ஆயிலோடு ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. குழாயை மாட்டியது யார் என்று ஃபோர்மேன் சத்தம் போட ஆரம்பித்தார். நானா அவரைக் கையமர்த்தினார். "யாருன்னு அப்பறம் பாத்துக்கலாம். வண்டிங்க எங்க இருக்குன்னு மொதல்ல பாப்போம்."

சின்னதாக ஒரு செக்கப் பாக்கி இருக்கிறது என்று சொல்லி நாளைக்கு வரவழைக்கலாமே என்றார் ஃபோர்மேன். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நானா தலையை ஆட்டினார். "செக்கப்புன்னா ஒரு வாரம் கழிச்சு வருவாங்க. தப்புன்னு சொன்னாத்தான் இப்பவே நிறுத்துவாங்க."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்து எண்களைச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொருவரையும் தானே அழைத்தார். "சர்வீஸ்லேர்ந்து ஜபருல்லா பேசறேங்க. உங்க வண்டிக்கு நாங்க தப்பான ஆயில ஊத்திட்டோம். வண்டிய எடுக்காதீங்க. நாங்களே வந்து கொண்டுபோய் மாத்தித் தர்றோம்." ஒவ்வொரு முறையும் இதே வார்த்தைகள். போலகத்துக் கோவிந்தராசு ஐயா அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். அவர் போனில் திட்டியது என் மேசைவரை கேட்டது. "பச்சப் புள்ள மாதிரி வச்சிருக்கற வண்டிய்யா! அதுல போயி கண்டதையும் ஊத்துனீங்களா?" நானா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஐயா மூச்சு வாங்க நிறுத்தியபோது, "நீங்க சொல்றது நெசந்தாங்கய்யா. ஆனா வண்டிய மட்டும் எடுத்துடாதீங்க" என்றார். ஐயா மறுபடியும் முதலிலிருந்து திட்டத் தொடங்கினார்.

எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், பட்டினச்சேரி அன்பழகனைத் தவிர. அன்பழகன் டாக்ஸி ஓட்டுகிறவர். மதியம் வண்டியை எடுத்தவர், வளைகுடா போகும் ஒருவரை ஏற்றிக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருந்தார். அவர் போனை எடுக்கவில்லை. நானா உட்காரவே இல்லை. மேசைக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடந்தபடி அழைத்துக்கொண்டே இருந்தார். திருவாரூரை நெருங்கும்போது அன்பழகன் எடுத்தார்.

"நானா, வண்டி சும்மா பறக்குது. என்ன விசயம்?"

"ஓரமா நிறுத்து அன்பு. இன்ஜின ஆஃப் பண்ணு."

விவரம் சொன்னதும் அன்பழகன் வண்டியை ஓரம் கட்டினார். வண்டியில் இருந்தது நிரவியைச் சேர்ந்த ஒரு பெண். குவைத் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்கு முதல்முறையாகப் போகிறாள். கூட வந்த அவளுடைய அப்பா போனைப் பிடுங்கிக் கத்தினார். வண்டியை எடுக்கச் சொன்னார், போலீசுக்குப் போவேன் என்றார். நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புள்ளைக்கிட்ட குடுங்கண்ணே. போகப்போறது அதுதானே" என்றார்.

அந்தப் பெண் பேசினாள். நானா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"இப்படியே போனா வண்டி நின்னுடுமா மாமா?"

"நிக்காம போனாலும் போயிடும். வழியில நின்னாலும் நின்னுடும். எனக்குத் தெரியலம்மா. தெரியாததுனாலதான் நிறுத்தச் சொல்றேன். அரை மணி நேரம் குடு. இன்ஷா அல்லாஹ், ஃப்ளைட்டுக்குள்ள போயிடலாம்."

அவள் அப்பாவிடம் மணி என்ன என்று கேட்பது கேட்டது. பிறகு அவள், "சரி, மாத்தச் சொல்லுங்க" என்றாள்.

திருவாரூரில் நானாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். அவரை அழைத்து, கடையில் இருக்கும் ஆயில் டப்பாவை எடுக்கச் சொன்னார். "மேல எழுதியிருக்கறத அப்புடியே படி. நீயா எதுவும் சொல்லாத, எழுத்து எழுத்தாப் படி." முதல் டப்பா சரியில்லை. எதிர்க்கடைக்கு ஓடி இன்னொன்றை வாங்கி வந்து படித்தார். "அதுதான். அத ஊத்து" என்றார் நானா. மெக்கானிக் டப்பாவோடு வண்டி நின்ற இடத்துக்கு விரைந்தார். பழைய ஆயில் கொதிக்கக் கொதிக்க வடிந்து, புதியது ஊற்றி, வண்டி கிளம்பிய செய்தி வந்த பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் விமான நிலையத்தின் உள்ளேயிருந்து எனக்குத்தான் போன் செய்தாள். "உள்ள வந்துட்டேன்க்கா. அந்த மாமாகிட்ட சொல்லிடுங்க."

மறுநாள் எல்லா வண்டிகளும் திரும்பி வந்து ஆயில் மாற்றப்பட்டுப் போயின. முதலாளியும் வந்தார்.

"வழியில எந்த வண்டியாச்சும் நின்னுச்சா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன்யா ஊர் பூரா தமுக்கடிச்சீங்க? யாரக் கேட்டு போன் போட்டீங்க?"

"ஓடறப்ப தெரியாதுங்க முதலாளி. தெரியறப்ப ஓடாது."

அந்தப் பதில் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அந்த வார முடிவிலேயே நானாவைச் சர்வீசிலிருந்து எடுத்து, சீட் கவர், தரைவிரிப்பு, வாசனைப் புட்டி விற்கும் கண்ணாடி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறு மேலாளர் வந்தார். நானா சிரித்துக்கொண்டே போனார் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லை. முதல் சில நாள் அவர் யாரோடும் சாப்பிட உட்காரவில்லை. அத்தர் போடாமல் வந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தால், ஆறிய பிறகு குடிப்பார்.

அடுத்த சர்வீசுக்குக் கோவிந்தராசு ஐயா வந்தார். "போன்ல எங்கிட்ட திட்டு வாங்குனவரு எங்கம்மா?" என்று கேட்டார். கண்ணாடி அறையைக் காட்டினேன். உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை என்று போய்ப் பார்த்தேன்.

"இந்தத் தடவ என்ன ஆயில் ஊத்தணும், அத நீங்களே சொல்லுங்க பாய்."

"வண்டியோட குடுத்த புத்தகத்துலயே இருக்குங்கய்யா. அதக் காட்டுங்க. என் கண்ணு முன்னால டப்பாவத் திறந்து ஊத்துங்கன்னு கேளுங்க. கேக்கறது உங்க உரிமை."

"சரி, ஒரு சீட் கவர எடுங்க."

"போன மாசம் மாட்டுனது புதுசாத்தானே இருக்கு?"

"சும்மா பேசிட்டுப் போனா உங்களுக்குக் கெட்ட பேரு வரும். எடுங்க."

அது ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வண்டியை விட வருகிறவர்கள் முதலில் நானாவின் அறைக்குப் போவார்கள். ஆயிலைப் பற்றிக் கேட்பார்கள். கேட்ட மரியாதைக்கு ஏதாவது வாங்குவார்கள். ஒரே காரில் மூன்று வாசனைப் புட்டிகள் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் எங்கள் நிறுவனத்தில் சீட் கவர் விற்றதைப் போல அதற்கு முன்னும் விற்றதில்லை, பின்னும் விற்றதில்லை. பிறகு வாடிக்கையாளர்கள் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "ஊத்துறதுக்கு முன்னாடி கூப்புடுங்க, பாக்கணும்" என்பார்கள். புது மேலாளருக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

ஒருநாள் முதலாளி தானே கண்ணாடி அறைக்குள் போனார். "நாளைலேர்ந்து உங்க பழைய சீட்டுல உக்காருங்க பாய்" என்றார். நானா உடனே தலையாட்டவில்லை. இரண்டு குழாய்க்கும் வேறு வேறு நிறம், வேறு வேறு மூட்டு வேண்டும் என்றார். ஒன்றை இன்னொன்றில் மாட்டவே முடியக்கூடாது. ஆயிலை ஊற்றும் முன் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் முதலாளி சம்மதித்தார். அன்று மாலை நானா என்னிடம், "சீட்டு கெடச்சத விடு கலா. அந்த மனுசன் தன் ரூம்லேர்ந்து எங்கிட்ட நடந்து வந்தாரு பாரு, அதுதான் பெருசு" என்றார். முதலாளிமேல் அவர் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். அன்பழகன் தன் டாக்ஸியில் வெளியூர் ஆட்களைப் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டி வந்தபடி இருந்தார். கோவிந்தராசு ஐயா கைத்தடியோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் போனில் திட்டிய கதையைச் சொன்னார். எல்லோரும் நானாவின் துணிச்சலைப் பற்றியே பேசினார்கள். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் என்றார் ஒருவர்.

எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. இதய ஆபரேஷனுக்குப் பிறகு நானா வீட்டில் படுத்திருந்தபோது ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். இப்போது அந்தப் பணிமனைக்கு நான்தான் மேலாளர் என்று சொன்னேன். மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா, அப்பவே சொன்னேன்ல, இவங்கதான் சார்னு" என்று சிரித்து இருமினார். அன்று கேட்டேன், "அன்னிக்கு பயமே இல்லாம எப்புடி நானா போன் போட்டீங்க?"

"யாரு சொன்னா பயமில்லன்னு?" என்றார். "மவளுக்கு அப்பத்தான் நிக்காஹ் பேசி முடிச்சிருந்துச்சு. இத வெளியில சொன்னா வேல போயிடும்னு நல்லாத் தெரியும். பேரல்கிட்டேர்ந்து நேரா பாத்ரூமுக்குத்தான் போனேன். குடிச்ச டீ எல்லாம் வெளியில வந்துடுச்சு. சொல்லாம விட்டுடலாமான்னு அங்கயே நின்னேன். அப்பறம் மூஞ்சியக் கழுவிக்கிட்டு ஒங்கிட்ட வந்தேன்."

பக்கத்தில் நின்ற அண்ணி, "இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். நானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய துணிச்சலை ஊர் வைத்துக்கொள்ளட்டும். என்னால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. என் அளவுக்கு அது பெரியது. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அந்தப் பயத்தை. இந்த வேலையில் எனக்கும் தவறுகள் நேர்கின்றன. பயமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. அவருக்கும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொள்கிறேன். ஈரம் காய்வதற்குள் போனை எடுத்துவிடுகிறேன்.