துணியில் சுற்றிய டம்ளர்

கல்யாண வீட்டில் நான் நடுங்கியது அந்த ஒரு நாள்தான்.

இலங்கையில் தெரணியகலைப் பக்கம், விடுதியாக மாறியிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் வேலை செய்தேன். யுத்த நிறுத்தக் காலத்தில் ஒரு யூத ஜோடி அங்கே கல்யாணம் செய்ய வந்தது. மணப்பெண் கேட்டபடி நாலு கம்பு நட்டு, மேலே வெள்ளைச் சேலை கட்டி, மல்லிகைச் சரம் தொங்கவிட்டேன்.

“கடைசியில மாப்பிள்ளை மிதிச்சு உடைக்கணுமாம். ஒரு கண்ணாடிக் கிளாஸைத் துணியில சுத்தி வச்சிரும்மா,” என்றார் சமையற்கார மாணிக்கம் அண்ணன்.

கல்யாணத்தில் கண்ணாடி உடைவதா? அபசகுனம் என்று சொல்லிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி வைத்தேன்.

மாப்பிள்ளை ஓங்கி மிதித்தார். ‘டங்’ என்றது. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அண்ணனிடம் ஓடினேன்.

“நான்தாங்கண்ணே மாத்தினேன். அபசகுனம்னு பயந்துட்டேன்,” என்று அழுதேன்.

அண்ணன் அதை இங்கிலீஷில் சொன்னார். மணப்பெண் ஏசவில்லை, என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள்.

“அந்தக் காலத்துல அவுங்க கோயில இடிச்சுட்டாங்களாம். சந்தோசத்துலயும் அத மறக்கக் கூடாதுன்னுதான் உடைக்கிறாங்களாம்,” என்றார் அண்ணன்.

கண்ணாடிக் கிளாஸை நானே கொண்டுவந்து வைத்தேன். அது நொறுங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டேன்.

அபசகுனம் என்றது பொய். சிறுவயதில், கலவரத்தின்போது எங்கள் லயத்து வீட்டுக்குள் புகுந்தவர்கள் முதலில் உடைத்தது கண்ணாடி போட்ட சாமிப் படங்களை. கட்டிலுக்கடியில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வீட்டில்கூட நாங்கள் அதைப் பேசியதில்லை. அவர்களோ பந்தலில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி உடைக்கிறார்கள்.