கெட்டி மேளத்தில் அடித்த அலாரம்

என் கல்யாண வீடியோவை வீட்டில் யாராவது போட்டால், தாலி கட்டும் இடம் வரும்போது அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். "வயசுப் பிள்ளைங்க பாக்குற வீடியோவாடி இது?" என்று அங்கிருந்து குரல் மட்டும் வரும். நல்ல கூத்து. நான் செய்தது பொறுப்பான வேலை. பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தால் நான் என்ன செய்வது?

எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியால் வந்தது. மலேசியாவில், மெர்லிமாவ் ஊருக்கு வெளியே செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மீனையும் கோழியையும் உறைய வைக்கிற பெரிய பெரிய குளிர் அறைகள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கா இருக்காது. இயந்திரம் நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் அந்த அலாரத்தை வைத்திருந்தார்கள்.

அறையில் சூடு ஏறினால் அது தானே போன் போடும். முதல் ஆள் எடுத்து ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்கினால் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அர்த்தம், அதோடு அடங்கிவிடும். எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளுக்கு அடிக்கும், பிறகு மூன்றாவது ஆளுக்கு, பிறகு மறுபடியும் முதல் ஆளுக்கு. விடவே விடாது. "இது அலாரமா, மாமியாரா?" என்று இவரிடம் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு மாமியார் கிடையாது, தைரியமாகக் கேட்டேன்.

அந்த முதல் ஆள் இவர்தான். நாங்கள் பழகிய காலத்தில் மலாக்காவுக்குப் படம் பார்க்கப் போனால், படத்தில் வில்லன் வருவதற்குள் அலாரம் வந்துவிடும். போன் திரை முழுக்கச் சிவப்பாகிப் பளிச் பளிச்சென்று மின்னும். பெண் பார்க்க புலாவ் செபாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் விடவில்லை. "தம்பிக்கு என்னா வேலை?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடித்தது. பதில் சொல்லாமல் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். அப்பாவுக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. நிச்சயம் முடிந்த அன்றே சொன்னேன். "கல்யாணத்தன்னிக்கு ஒங்க போன் அடிச்சுது, மாலையக் கழட்டி வச்சிட்டு பஸ் ஏறிடுவேன். வெளாட்டுன்னு நெனைக்காதீங்க லா." பிள்ளையார் முன்னால் கற்பூரம் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

இவருக்கும் நேரம் சரியில்லை. கொஞ்ச நாள் முன்புதான் இவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது போனை யாரும் எடுக்காமல் ஓர் அறை மீன் முழுக்க நாறிப்போயிருந்தது. கம்பெனி முதலாளியான சீனத் தவுக்கே எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒருத்தருக்கும் இங்கே வேலை இல்லை என்று மலாய் மொழியில் கத்தித் தீர்த்திருந்தார்.

ஆனாலும் இவர் சொன்ன சொல் தவறவில்லை. தன் எண்ணை எடுத்துவிட்டு, கூட வேலை செய்யும் நண்பரை முதலில் போட்டார். இரண்டாவது இன்னொரு நண்பர். மூன்றாவது தவுக்கேயே. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அறிவாளிகள்! முதல் நண்பர்தான் மாப்பிள்ளைத் தோழன். இரண்டாமவர் கையில் பந்தியின் சாம்பார் வாளி. தவுக்கே முன்வரிசையில், மரியாதைக்காகப் போனை ஊமையாக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் ஒருத்தரை விட்டுவிட்டு இன்னொருத்தரை அழைக்க எங்கள் ஆட்களால் முடியுமா? விட்டால் பிள்ளை பிறந்து காது குத்தும்வரை அந்தப் பேச்சு ஓடும்.

மெர்லிமாவ் கோயில் மண்டபம். ஐயர் கையைத் தூக்கினார், கெட்டி மேளம் கிளம்பியது. தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதானே அந்த மேளமே? எங்கள் தவில்காரர்கள் இடியே விழுந்தாலும் கேட்காதபடி அடித்தார்கள். மேடைப் பலகை அதிர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். கண்ணை யார் கட்டிப்போட்டார்கள்? இவருக்குப் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நின்ற தோழரின் மெல்லிய வெள்ளைச் சட்டைப் பை, சிவப்பாக மின்னியது.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியாதா? தோழருக்குத்தான் தெரியவில்லை. மேடையே நடுங்கும்போது பைக்குள் ஒரு போன் நடுங்குவதா தெரியும்? மின்னல் அணைந்தது. சாம்பார் நண்பர் வாளியை வைத்துவிட்டு அட்சதை போட ஓடி வந்துகொண்டிருந்தார். தவுக்கே சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் தோழர் பை சிவந்தது. ஒரு சுற்று முடிந்துவிட்டது, யாருமே எடுக்கவில்லை.

சும்மா இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. நான் கேட்டதே அதுதானே. அடுத்த கணம் தவுக்கே கத்தியது நினைவுக்கு வந்தது. மாலையோடு உட்கார்ந்திருக்கும் என் மாப்பிள்ளைக்கு நாளைக்கு வேலை இருக்காது.

"போன்! போன்!" என்று கத்தினேன். என் காதுக்கே கேட்கவில்லை. இவர் தாலியைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் இவர் தோளுக்கு மேலே கையை நீட்டி, தோழரின் சட்டைப் பைக்குள் விட்டேன்.

மண்டபமே பார்த்தது. ஒருவர் தாலி கட்டுகிறார், கட்டிக்கொள்கிற பெண் இன்னொருவர் நெஞ்சைப் பிடித்து இழுக்கிறாள். அட்சதையோடு ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. முன்னால் இருந்த அத்தை ஒருவர் "அடிப்பாவி!" என்பது வீடியோவில் வாயசைவிலேயே விளங்கும். தோழர் மிரண்டு பின்வாங்க, பை கிழிந்து போன் என் கைக்கு வந்தது. ஒன்றை அமுக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். பன்னீர்ச் செம்பை ஐயர் மடியில் வைத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மீதி இரண்டு முடிச்சையும் வழக்கப்படி நாத்தனார் போட்டார். கொஞ்சம் இறுக்கியே போட்டார்.

பந்தி நடக்கும்போதே சேதி வந்துவிட்டது. கரண்ட் போய் வந்ததில் இயந்திரம் நின்றிருந்ததாம், ஓட விட்டாச்சு, மீன் பத்திரம். தவுக்கே இன்னொரு கிண்ணம் பாயசம் வாங்கிக்கொண்டார்.

எனக்குத் தலை கால் புரியாத பெருமை. பக்கத்து இலையில் இருந்த இவரிடம், "நான் மட்டும் பாக்கலன்னா என்னா ஆயிருக்கும்?" என்றேன்.

"நானும் பாத்தேன்," என்றார்.

"எப்ப?"

"ஐயர் தாலிய எடுத்துக் கையில குடுக்கும்போதே."

"பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க? வேலை போயிருக்குமே!"

இவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். "சத்தியம் பண்ணியிருந்தேன்ல."

எனக்குத் திட்டத்தான் வந்தது. மடையன், கிறுக்கன், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அந்தப் போனோடு இத்தனை நாள் மல்லுக்கட்டி, கடைசியில் நான் ஜெயித்தும் இருக்கிறேன். ஜெயித்தது தெரியாமல், நானே அதை எடுத்து ஒன்றை அமுக்கியிருக்கிறேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன், அடக்க முடியவில்லை.

அம்மா பதறிப்போய் ஓடி வந்தார். "இப்ப அழுது என்னாடி பண்றது? மேடையில எங்கடி போச்சு இந்தப் புத்தி?" என்றார்.