குட்டி யானையும் பெரியப்பாவின் வேனும்

மாமா குட்டி யானை வாங்கிய வருஷம் எனக்கு ஒன்பது வயது. பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். முன்னால் இரண்டு பேர் உட்காரும் கூடு, பின்னால் திறந்த தொட்டி, நான்கு சின்னச் சக்கரம். சரக்கு ஏற்றும் இந்தச் சின்ன வண்டிக்கு எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் அதுதான் பெயர். அதன் கம்பெனிப் பெயரை யாராவது சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அதனால் வண்டி கோயிலுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பிறகு மாமா என்னைத் தூக்கித் தொட்டியில் நிறுத்தினார். எங்கள் தெருவை அவ்வளவு உயரத்திலிருந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு ஓட்டின்மேல் காய்ந்துகொண்டிருந்த வற்றலும், அதற்குப் பின்னால் கொல்லையும், கொல்லையைத் தாண்டி வயலும் தெரிந்தன. நான் வாயைத் திறந்தபடி நின்றேன் என்று அம்மா பல வருஷம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வண்டியை மெச்சாத ஒரே ஆள் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். அவரிடம் ஒரு வேன் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். அதற்குள் சின்ன மின்விசிறி, சீட்டுக்கு உறை, முன்கண்ணாடியில் தொங்கும் பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து எல்லாம் உண்டு. நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். மாட்டு வண்டிக்கும் வழி விடுவார். அப்பா வெளியூரில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்ததால், சாயங்காலம் எங்கள் வீட்டை எட்டிப் பார்க்கப் பெரியப்பா வருவார். மாமாவும் வருவார். இரண்டு டீ, ஒரு வாய்ச்சண்டை.

"மச்சான், உங்க வேன்ல ரெண்டு மூட்டை நெல்லு ஏத்த முடியுமா? ஒரு கன்னுக்குட்டிய ஏத்த முடியுமா? சேத்துக் காலோட ஒரு ஆளு ஏற முடியுமா?" என்று மாமா ஆரம்பிப்பார்.

"மனுசன் ஏறுறதுக்குன்னு செஞ்ச வண்டி மாப்ள இது. கன்னுக்குட்டிக்கு நான் எங்க போறது?"

"என் வண்டியில மனுசனும் ஏறலாம், மாடும் ஏறலாம். எது பெருசு சொல்லுங்க."

நான் மனதுக்குள் மாமா கட்சி. சொல்லப்போனால் ஊரே மாமா கட்சி. அம்மா மட்டும் எந்தக் கட்சியும் இல்லாமல் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

ஆனால் தீர்ப்பு அம்மா கையில்தான் இருந்தது. அம்மா நடவு செட்டுக்குத் தலைவி. அவளையும் சேர்த்துப் பதினாறு பெண்கள். ஆற்றில் தண்ணீர் வந்து சம்பா நடவு தொடங்கிவிட்டால் எல்லா மிராசுதாரருக்கும் ஒரே நாளில் ஆள் வேண்டும். அந்த நாற்பது நாளும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பதினாறு பேரும் ஊர் ஊராகப் போய் நட வேண்டும். யார் வண்டியில் போவது என்பது அம்மா சொல்வது. மாமாவுக்கு அறுவடை வரை வேறு சரக்கு கிடையாது. செட்டு ஏறினால் வண்டி ஓடும், இல்லாவிட்டால் எங்கள் வேப்பமரத்தடியில் நிற்கும்.

முதலில் பெரியப்பா வேனைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். அது பெரிய கூத்து. எட்டுப் பேருக்கு மேல் ஏறாது, ஆகவே இரண்டு நடை. பிடுங்கிக் கட்டுக் கட்டாக முடிந்த நாற்று முடிகளைக் கொண்டுபோகத் தனி வண்டி. திரும்பி வரும்போது பெரியப்பா வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு வேன் வாசலிலேயே நிற்பார். காலைக் கழுவாமல் ஒருத்தரும் ஏறக் கூடாது. கழுவி ஏறினாலும் சீட்டின்மேல் சாக்கு விரித்திருப்பார். கண்ணாடி மூடிய வண்டியில் போய்ப் பழக்கமில்லாத பெண்கள் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படியும் மூன்றாம் நாள் இரண்டு பேர் திராட்சைக் கொத்துக்கு நேர் கீழே வாந்தி எடுத்தார்கள். பெரியப்பா வண்டியை நிறுத்தி இறங்கி, வாய்க்காலைப் பார்த்து நின்றார்.

நான்காம் நாள் செட்டு குட்டி யானையில் ஏறியது. நாற்று முடியும் பெண்களும் தூக்குவாளிகளும் ஒரே நடையில் போயாயிற்று. சேற்றுக் காலோடு ஏறினார்கள், கால் நீட்டி உட்கார்ந்தார்கள், வெற்றிலை போட்டுத் துப்பினார்கள், காற்றில் ஈரப்புடவை காய்ந்தது. காலாண்டு லீவு விட்டிருந்ததால் என்னையும் கூட்டிப்போனார்கள். ஈர நாற்று முடிகளின்மேல் உட்கார்ந்து போவேன். இரண்டு பக்கமும் உழுது தண்ணீர் கட்டிய வயல் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். கொக்குக் கூட்டம் ஒன்றாக எழும்பும். உலகத்தில் இதைவிடப் பெரிய வாகனம் இருக்க முடியாது என்று நான் நிச்சயமாக நம்பினேன். அம்மா மட்டும், "ஒக்காரு, எந்திரிக்காத" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வருவாள். அது ஒன்றுதான் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடிக்காதது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, சரியாக நினைவில்லை. முந்தின இரவு நல்ல மழை. மெயின் ரோட்டு முக்கில் போலீஸ் நிற்பதாக எதிரே வந்த ஆள் சொன்னார். சரக்கு வண்டியில் ஆளேற்றிப் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மாமா வண்டியைத் திருப்பி வாய்க்கால் கரையில் விட்டார். இடப்பக்கம் வாய்க்கால் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. நிறம் செம்மண் நிறம், ஆழம் ஆளை முழுங்கும். வலப்பக்கம் வயல். நடுவில் வண்டி அகலத்துக்கு ஒரு கரை, அதுவும் மழையில் ஊறிய கரை.

போலீஸ் தெரிகிறதா என்று பார்க்க நான் எழுந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து இடப்பக்கத்துப் பின்சக்கரத்தின் கீழே கரை சரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வண்டி மெதுவாக வாய்க்கால் பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது. நாற்று முடிகள் இரண்டு உருண்டு தண்ணீரில் விழுந்து போயின. நான் அவற்றின் பின்னாலேயே போயிருப்பேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

யாரோ அலற வாயெடுத்தார்கள். அதற்குள் அம்மா பேசினாள். சோறு போடட்டுமா என்று கேட்கிற குரலில் பேசினாள்.

"யாரும் அசையாதீங்க. தம்பி, பிரேக்லேர்ந்து கால எடுக்காத. வலப்பக்கம் இருக்கவங்க ஒருத்தரும் எறங்கக் கூடாது. நீங்க எறங்கினா வண்டி கவுந்துரும். எடப்பக்கம் இருக்கவங்க ஒவ்வொருத்தரா ஏறி அந்தப் பக்கமா எறங்குங்க."

எட்டுப் பேர் வலப்பக்கம் இருந்தார்கள். பக்கப்பலகையைத் தாண்டிக் காலைப் போட்டால் கரை. ஒரே குதி, ஆள் தப்பித்துவிடலாம். ஒருத்தரும் குதிக்கவில்லை. எட்டுப் பேரும் பலகையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, தங்கள் உடம்பையே எடைக்கல்லாக வைத்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்திக்குக் கைக்குழந்தை, வீட்டில் தூளியில் இருந்தது. இன்னொருத்தி முதல்நாள்தான் அம்மாவோடு வெற்றிலைக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர்கள் கண்முன்னால், அவர்கள் மடிமேல் கைவைத்து ஏறி, இந்தப் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராகக் கரையில் இறங்கினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தால் அல்ல. திருவிழாவில் தேர் நிலையை விட்டு நகரும்போது எல்லோரும் ஒரு நொடி பேச்சு மறந்து நிற்போமே, அந்த மாதிரி.

"புள்ளைய குடு" என்று வலப்பக்கத்திலிருந்து வயதான ஒரு அக்கா கை நீட்டினாள். என்னை இடுப்போடு பிடித்தும் விட்டாள். ஆனால் என் மணிக்கட்டு வரவில்லை. அம்மா அடுத்து யார் இறங்க வேண்டும் என்று அதே நிதானக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை மட்டும் விடவில்லை.

"விடு தாயி. நான் புடிச்சுட்டேன். விடு" என்றாள் அந்த அக்கா. பிறகு அவளே அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் கையிலிருந்து கைக்கு மாறிக் கரைக்கு வந்தேன்.

சரக்குக் கட்டுகிற கயிற்றை எடுத்து வண்டியின் சட்டத்தில் கட்டி, மறுமுனையைக் கரையிலிருந்த புங்க மரத்தில் சுற்றினார்கள். இறங்கியவர்கள் எல்லோரும் பக்கப்பலகையில் தொங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா ஒரு சொல் சொன்னதும் மேலிருந்த எட்டுப் பேரும் ஒன்றாக இறங்கினார்கள். கடைசியாக அம்மா இறங்கினாள். அதற்கும் கடைசியாக, "இப்ப நீ எறங்கு தம்பி" என்றாள். மாமா இறங்கி வந்தபோது அவர் வலதுகால் தரையில் நிலைகொள்ளாமல் ஆடியது. அத்தனை நேரமும் பிரேக்கை மிதித்ததால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு பதினாறு பெண்களும் சேர்ந்து வண்டியை இழுத்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, ஏலேலோ போட்டு இழுத்தார்கள். குட்டி யானை முக்கி முனகிக் கரை ஏறியது. அவர்களை ஏற்றிவந்த வண்டியை அவர்களே ஏற்றிவிட்ட அந்தக் காட்சியை இன்றைக்கும் நினைத்தால் என் நெஞ்சு விரிகிறது. கல்லூரி, வேலை, வெளிநாடு என்று எவ்வளவோ பார்த்துவிட்டேன், அதற்கு ஈடாக ஒன்றையும் பார்க்கவில்லை.

நாற்றுக்கு நம் கதையெல்லாம் தெரியாது, பிடுங்கினால் நட வேண்டும். மீதி வழியை முடிகளைத் தலையில் சுமந்து நடந்தே போய், அன்றைய நிலத்தை அன்றே நட்டு முடித்தார்கள். நடவு முடிந்து வயலிலிருந்து கரையேறியதும் அம்மா ஒரு கொட்டகை நிழலில் மாமாவை உட்காரவைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"நாத்து ஏத்து தம்பி. உர மூட்டை ஏத்து. ஆளு வேணாம்."

"ஒரு நாளு தப்பிப் போச்சுக்கா. இனிமே கரையில விட மாட்டேன். உங்கள ஏத்தாம இந்த நடவு முழுக்க நான் என்னத்த ஓட்டுறது?"

"தெரியல. ஆனா பதினாறு வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்."

அன்று சாயங்காலம் அம்மா போன் போட்டதும் பெரியப்பா வேனோடு வந்து நின்றார். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். வாளி இல்லை, சாக்கும் விரிக்கவில்லை. சேற்றுக் காலோடு எல்லோரும் உறை போட்ட சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். மறுநாளிலிருந்து வேன் இரண்டு நடை போய்வந்தது. எலுமிச்சம்பழம் வாங்கிவைப்பது பெரியப்பா வேலையாயிற்று.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டியை விட்டுவிட்டு, கண்ணாடிக் கூட்டுக்குள் அடைந்து போக வேண்டுமாம். அம்மாவுக்கு என்மேல் இருந்த கோபத்தில்தான் இதெல்லாம் என்று முடிவுகட்டினேன். எழுந்து நிற்காதே என்று அத்தனை தடவை சொல்லியும் நின்றேன் அல்லவா. அதற்குத்தான் கையை அந்தப் பிடி பிடித்திருக்கிறாள். மணிக்கட்டில் அவளுடைய நான்கு விரல் தடமும் கன்றி நீலமாகப் பதிந்திருந்தது.

மறுநாள் விடிகாலையில் மாமா நாற்று ஏற்றப் போகிற வழியில் வாசலில் வண்டியை நிறுத்தினார். எனக்காகப் பேச அந்த வீட்டில் மாமாவை விட்டால் யார் இருக்கிறார்கள். நான் ஓடிப்போய்ச் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினேன்.

"அம்மா எப்புடிப் புடிச்சிருக்கு பாருங்க மாமா. நான் ஒரே ஒரு தடவதான் எந்திரிச்சேன்."

மாமா என் கையை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடத்தையும் விரலால் தொட்டார். பிறகு சக்கரத்தின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையை விடவில்லை, தலையையும் தூக்கவில்லை. உள்ளே அம்மா தூக்குவாளியில் கஞ்சி ஊற்றும் சத்தம் கேட்டது. இதோ எழுந்து போய் அம்மாவை நன்றாகத் திட்டப்போகிறார் என்று, நான் சந்தோஷமாகக் காத்துக்கொண்டு நின்றேன்.