தொட்டியின் கீழ் நான்கு வரிசை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லண்டனுக்கு வந்தபோது ஒரு படிவம் நிரப்பத் தெரியாது. ஆனால் எட்மண்டனிலிருந்து தோர்ண்டன் ஹீத் வரை என் கை கட்டிய குசினிகள், குளியலறைகள், கூரை அறைகள் எத்தனையோ நிற்கின்றன. ஒன்றிலாவது தண்ணீர் ஒழுகியதென்று யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான் முடிக்காமல் விட்டது ஒரே ஒரு வேலை. அதைப் பற்றித்தான் இது.

2009இல் எங்கள் சபை தோர்ண்டன் ஹீத்தில் பழைய கம்பளக் கடை ஒன்றை வாங்கியது. மேடைக்குக் கீழே ஞானஸ்நானத் தொட்டி கட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். காரணம் இருந்தது. சைவக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி, என்னோடு இருபத்தெட்டு வருடம் சபைக்கு வந்தும் ஞானஸ்நான முழுக்கெடுக்காமல் இருந்தவள், அந்த ஈஸ்டருக்கு எடுக்கிறேன் என்று தானாகவே சொல்லியிருந்தாள். அவள் இறங்கும் தொட்டி முழுவதும் என் கையால் ஆனதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சுவிஸிலிருந்து குடிவந்த ஒருவர் சபையில் இருந்தார். அங்கே டைல் வேலை செய்தவராம். ஒரு பக்கச் சுவரைத் தான் எடுக்கட்டுமா என்று தன்மையாகக் கேட்டார்.

"தம்பி, ரெண்டு பேர் வைச்ச டைல் ரெண்டு நாக்கு மாதிரி, ஒத்துப்போகாது. நீர் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்," என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலில் நான்கு சுவரிலும் மேல்வரை பென்சிலால் அளவுக்கோடு போட்டேன். அதுதான் என் முறை. கோடு சரியென்றால் பாதி வேலை முடிந்தது. பிறகு கீழிருந்து நான்கு வரிசை வைத்தேன். ஐந்தாவது வரிசையின் மூலைக்கு வெட்டிய டைல் என் வலக்கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், கை வரவில்லை. பாரிசவாதம். ஈஸ்டருக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கிடந்து நான் அழுதது கைக்காக அல்ல, தொட்டிக்காக. மிச்ச வேலையைச் சபை அந்தச் சுவிஸ் தம்பியிடம் கொடுத்துவிட்டது. அவர் என் டைல்களைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் பாட்டுக்கு வைப்பார் என்று மனைவியிடம் புலம்பினேன்.

"நீங்கள் அதை ஆருக்குக் கட்டினனீங்கள்? ஆண்டவருக்கெண்டால் அவர் குறையில விடமாட்டார். உங்களுக்கெண்டால் நான் அதுக்குள்ள இறங்கமாட்டன்," என்றாள்.

ஈஸ்டர் காலை என்னைச் சக்கர நாற்காலியில் மேடையோரம் கொண்டுபோய் விட்டார்கள். தண்ணீர் விடுவதற்கு முன் தொட்டியை உற்றுப் பார்த்தேன். என் வரிசை முடிந்து அவர் வரிசை தொடங்கும் இடம் என் கண்ணுக்கே அகப்படவில்லை. மூலையைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. என் கையிலிருந்து விழுந்து ஓரம் உடைந்த அதே டைலை, எந்த மூலைக்கென்று நான் வெட்டினேனோ அங்கேயே அவர் வைத்திருந்தார்.

"அண்ணை, உங்கட கோட்டிலதான் வைச்சனான். என்ர மட்டம் பாக்கிற லெவலை வெளியிலயே எடுக்கேல்லை," என்றார். இடக்கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி படியிறங்கி, மூழ்கி, முகமெல்லாம் தண்ணீர் வழிய எழும்பினாள். செத்த மாதிரி மடியில் கிடந்த என் வலக்கையை அப்போது பார்த்தேன். இதுவும் ஒருநாள் எழும்பும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கை முழுதாகத் திரும்பவில்லை. அந்த உறுதி மட்டும் குறையவில்லை. ஆண்டவருக்கென்று தொடங்கியதை நான் பாதியில் விட்டாலும் அவர் பாதியில் விடுவதில்லை.

சபையாரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சபைச் சுவரிலுள்ள பலகையில் தொட்டி வேலைக்கு அந்தத் தம்பியின் பெயர் மட்டும் இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம். ஆனால் அளவுக்கோடும், கீழ் நான்கு வரிசையும், மூலையில் ஓரம் உடைந்த டைலும் என்னுடையவை. கர்த்தர் அதை மறக்கமாட்டார். சபையும் மறக்காமலிருக்க, தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள்.