தோற்றவர் மோட்டார் போட வேண்டும்

வேறு வேறு விளையாட்டுகளின் சண்டைக்காரர்களைக் கொண்டுவந்து ஒரே களத்தில் மோதவிடும் வீடியோ கேம் என்றால் எனக்கும் அக்காவுக்கும் உயிர். நீடாமங்கலத்தில் வாங்கிய பழைய டிஸ்க் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் அவளுடைய ஆள் எருமை மாதிரி மெதுவாக வருவான், ஒரே அடியில் ஆளைச் சாய்ப்பான். என்னுடையவன் துள்ளித் துள்ளி ஓடுவான். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றால் அவர்களுக்கென்றே ஒரு நக்கல் பேச்சு இருக்கும். அதைக் கேட்கவே நாங்கள் திரும்பத் திரும்ப மோதுவோம்.

எங்கள் வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. வயல் மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும், கடைசியாகத் தோற்றவர் வயலுக்கு நடந்து போய் மோட்டார் போட வேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன். அக்கா வாசல்வரை வந்து வழியனுப்பிச் சிரிப்பாள், ராட்சசி.

இப்போது அவள் கனடாவில் இருக்கிறாள். போய் நாலு வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட வரவில்லை. போன மாதம் எனக்குப் புது கேம் ஒன்று வாங்கி அனுப்பினாள். ஞாயிறு சாயங்காலம் ஆன்லைனில் ஆடுகிறோம், அவளுக்கு அப்போது காலை. இந்தப் புது கேமில் பளபளவென்று நூறு பேர் இருக்கிறார்கள், என்ன பிரயோஜனம்? எல்லோருக்கும் ஒரே அடி, ஒரே வேகம். எவனை எடுத்தாலும் அதே பட்டன். எதிரெதிரே நின்றால் ஊமை மாதிரி முறைத்துக்கொள்கிறார்கள். அவரவர் குணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்களை மோதவிட்டு என்ன செய்ய? இதையெல்லாம் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் அந்தப் பழைய டிஸ்கை எடுத்துத் தனியாகப் போட்டுப் பார்த்தபோது அதுவும் சப்பென்றுதான் இருந்தது. எனக்கு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற ஞாயிறு அதிசயமாக அவள் தோற்றாள். அப்போது பார்த்து த்ரீ பேஸ் கரண்டும் வந்தது.

"தோத்தவங்கதானே மோட்டார் போடணும்?" என்றேன்.

இப்போதெல்லாம் மோட்டாருக்குப் போன் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. பதிந்து வைத்த நம்பரிலிருந்து அதற்குக் கூப்பிட்டால் போதும், மோட்டார் தானே ஓடும். அவளுடைய கனடா நம்பரையும் அதில் பதிந்துவிட்டு மோட்டார் கொட்டகையில் போய் நின்றேன். சொன்னபடி கூப்பிட்டாள். மோட்டார் உறுமியது, நாற்றங்காலுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. உடனே வீடியோவில் வந்தாள்.

"தண்ணி வருதாடா?"

"வருதுக்கா. நீ எப்ப வருவ?"

மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். மோட்டாரை நிறுத்தினேன். வாய்க்காலில் தண்ணீர் அடங்கும்வரை இருந்து, மறுபடியும் கேட்டேன்.

"இந்த வருஷமும் முடியாது போலருக்குடா," என்றாள்.

சரிக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன். நாற்றங்கால் பாதிதான் நனைந்திருந்தது. நானே பொத்தானை அழுத்தி மோட்டாரைப் போட்டேன்.